சாக்கு நிறையப் பழைய உலோகம்: எதை உருக்கலாம், எதை ஒதுக்கி வைக்கலாம்?

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோத்தகிரிக்காரர். மூடிப்போன ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து 40 கிலோ சாக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். உள்ளே பழைய புஷ்கள் (ஷாஃப்ட் சுழல்கிற உலோக வளையங்கள்), குழாய்கள், வால்வுகள், பைக் பிஸ்டன்கள், ஒரு கார்புரேட்டர், அலுமினிய ஜன்னல் துண்டுகள், உடைந்த செயின் சா ஒன்றின் உடம்பு, தங்க நிறத்தில் ஒரு ஸ்பேனர். வீட்டுக்குப் பின்னால் கரி அடுப்பும் ப்ளோயரும் தயார். குலதெய்வக் கோயிலுக்கு ஒரு மணி, கதவுக்குக் கைப்பிடிகள், முடிந்தால் ஒரு விளக்கு வார்க்க ஆசை. "காந்தமும் வினிகரும் வைத்தே எது என்ன உலோகம் என்று கண்டுபிடித்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இதை உருக்கினால் என் உயிருக்கும் நுரையீரலுக்கும் ஏதாவது ஆகுமா என்பது ஒன்று. ஊற்றினால் நினைத்த சாமான் ஒழுங்காக வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வீட்டிலேயே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, நீங்கள் என்ன வார்க்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கதவுக் கைப்பிடிக்கு உலோகத்தின் குடும்பம் தெரிந்தால் போதும். மணிக்கு அதன் ஜாதகமே வேண்டும். நான் ஐ.டி.ஐ.யில் மோல்டர் படித்து, கோவை கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் ஆறு வருடம், பிறகு குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பில் 27 வருடம் இருந்தவன். உலோகவியல் பட்டம் எல்லாம் கிடையாது. கையால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர்த் தகராறு. நம் ஊரில் ஈயம் என்று சொன்னால் எதை என்று தெரியாது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். எங்கள் பாட்டிக்கு அலுமினியக் குண்டானும் ஈயச்சட்டிதான். வெண்கலம், பித்தளை கதையும் அப்படியே: செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். ஆனால் காயலான் கடையில் மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை, கொஞ்சம் சிவந்திருந்தால் கன்மெட்டல் (வெள்ளீயத்தோடு கொஞ்சம் துத்தநாகமும் சேர்கிற வெண்கலம்), அவ்வளவுதான் கணக்கு. அதனால் விற்றவர் சொன்ன பெயரை நம்பி எதையும் அடுப்பில் போடாதீர்கள்.

பெயரைவிட நம்பகமான சாட்சி, அந்தச் சாமான் முன்பு பார்த்த வேலை. எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து "நீ எங்கே இருந்தாய்?" என்று கேளுங்கள். ஷாஃப்ட் ஓடுகிற புஷ் என்றால் பெரும்பாலும் கன்மெட்டலோ, துளி பாஸ்பரஸ் சேர்த்த வெண்கலமான பாஸ்பர் பிரான்ஸோ. கியர் பெட்டிக்குள் வார்ம் வீல் மஞ்சளாக இருந்தால் பாஸ்பர் பிரான்ஸ் என்று துணிந்து சொல்லலாம். பழைய ஆர்த்தடாக்ஸ் ரோலர் மேசையில் இலையைப் பிசைகிற பட்டைகள் பித்தளையில் இருக்கும். இலையை நசுக்கிக் கிழிக்கிற சி.டி.சி. ரோலரின் பல் வெட்டிய வளையங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அவை உங்கள் அடுப்புக்கு ஆகாது. பழைய ஆயில் எஞ்சின் பேரிங்கின் உள்பக்கம் வெள்ளை நிறத்தில் ஒரு பூச்சு இருந்தால் அது ஒயிட் மெட்டல். வெள்ளீயமோ காரீயமோ அடிப்படையாக இருக்கும், அதைச் சுரண்டித் தனியாக வையுங்கள். தண்ணீர்க் குழாய்ப் பித்தளையில் கடைசல் சுலபமாக வரவேண்டும் என்று இரண்டு மூன்று சதவீதம் காரீயம் சேர்ப்பது வழக்கம். அதில் விளக்கு வார்க்கலாம், கைப்பிடி வார்க்கலாம், கரண்டியும் டம்ளரும் மட்டும் வார்க்காதீர்கள்.

காந்தத்துக்கு ஒரு பத்தி போதும். ஒட்டினால் இரும்புக் குடும்பம், ஒதுக்கிவிடுங்கள். வார்ப்பிரும்பே 1,150 டிகிரிக்கு மேல்தான் உருகும், அது வீட்டு வேலை இல்லை. ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்று அர்த்தமும் இல்லை, நல்ல எவர்சில்வர் ஒட்டாது. பித்தளை மாதிரி இருந்துகொண்டு லேசாக ஒட்டுகிறது என்றால் மேலே பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம், இரும்பு கலந்த அலுமினியம் பிரான்ஸாகவும் (செம்போடு அலுமினியம் சேர்ந்த கலவை) இருக்கலாம். அரத்தால் ஒரு கீறல் போட்டால் முலாமா என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட உதவுவது சமையலறைத் தராசும் ஒரு ஜாடித் தண்ணீரும். துண்டை உலர்ந்தபடி எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே தராசைப் பார்க்க வேண்டும். இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் அந்தத் துண்டின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. மக்னீசியம் 1.8 பக்கம் வரும், அலுமினியம் 2.7, துத்தநாக டை காஸ்டிங் 6.6 அல்லது 6.7, அலுமினியம் பிரான்ஸ் 7.6 போல, பித்தளை எட்டரைக்குச் சற்று முன்பின், கன்மெட்டல் 8.7 முதல் 8.8, செம்பு 8.9, காரீயம் 11.3.

போன வாரம்தான் என் மருமகன் கொண்டுவந்த ஒரு சாக்கை இப்படிப் பிரித்தேன். பூட்டின் உடம்பு ஒன்று, பார்த்தால் அலுமினியம் போலவே மங்கிய வெள்ளை. 186 கிராம், தண்ணீரில் 28. வகுத்தால் 6.64. துத்தநாகம், சந்தேகமே இல்லை. இன்னொன்று செயின் சா உடம்பின் பாதி: 365 கிராம், தண்ணீரில் 202. அது 1.81. மக்னீசியம். மூன்றாவது ஒரு புஷ்: 412 கிராம், தண்ணீரில் 48. அது 8.58. இங்கேதான் ஜாக்கிரதை. என் தராசு ஒரு கிராம் கணக்கில்தான் காட்டும். 48 உண்மையில் 47 ஆக இருந்தால் விடை 8.77, கன்மெட்டல். 49 ஆக இருந்தால் 8.41, பித்தளை. ஒரு கிராம் தடுமாறினால் ஜாதியே மாறுகிறது. ஆகவே இந்தச் சோதனை குடும்பங்களைப் பிரிப்பதற்கு மிகவும் உறுதியானது, ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளைப் பிரிக்க ஆகாது. பொந்துகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைவாகக் காட்டும். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஆட்டி இறக்குங்கள்.

அந்தச் செயின் சாவைப் பற்றித்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதவே உட்கார்ந்தேன். இந்த மலையில் சில்வர் ஓக் கிளை கழிக்கவும் விழுந்த மரத்தை அறுக்கவும் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் செயின் சா உண்டு. கையில் தூக்கி வேலை செய்கிற மெஷின் என்பதால் அதன் எஞ்சின் உடம்பைப் பெரும்பாலும் மக்னீசியக் கலவையில்தான் வார்க்கிறார்கள். உடைந்தால் காயலான் கடையில் அலுமினியக் குவியலில் போய் விழும். மக்னீசியம் உருகுவது 650 டிகிரி வாக்கில், அலுமினியமும் 660 தான். அதனால் "உருகுகிறதே, அலுமினியம்தான்" என்று ஏமாந்துவிடுவீர்கள். ஆனால் மக்னீசியம் திறந்த அடுப்பில் தீப்பிடிக்கும். கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை வெளிச்சம். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால், எரிகிற மக்னீசியம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை விடும், வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மணலைத்தான் போட வேண்டும். நம் மலை மணலில் காய்ந்த மணல் எங்கே இருக்கிறது? அடுப்புப் பக்கத்தில் ஒரு தகர டின்னில் வறுத்த மணல் மூடி வைத்திருப்பது நல்லது. மக்னீசியமே உருக்காவிட்டாலும் வைத்திருங்கள்.

மக்னீசியத்தைக் கண்டுபிடிக்க வினிகர் உதவும், இதில் உங்கள் யோசனை சரி. அரத்தால் பெயின்டையும் மேல்தோலையும் எடுத்துப் பளபளப்பான இடம் தெரிந்ததும் ஒரு சொட்டு விடுங்கள். எலுமிச்சைச் சாறும் போதும். மக்னீசியம் என்றால் உடனே சோடா மாதிரி நுரைத்துப் பொங்கும். அலுமினியம் சும்மா இருக்கும், அதன் மேலுள்ள ஆக்சைடு தோல் அந்த அளவு புளிப்புக்கு அசையாது. வினிகரால் தெரிவது இவ்வளவுதான், பித்தளையா வெண்கலமா என்று அதைக் கேட்காதீர்கள். தண்ணீர்த் தராசும் வினிகரும் ஒரே பதிலைச் சொன்னால் நூற்றுக்கு நூறு. ஏதாவது ஒன்று சந்தேகம் சொன்னால்கூட அந்தத் துண்டு அடுப்புக்குப் போகக்கூடாது.

துத்தநாகத்துக்கு வருகிறேன். கார்புரேட்டர், கதவுப் பூட்டு, மலிவான குரோம் குழாய், பொம்மைக் கார் எல்லாம் இந்த வகை. கார்புரேட்டரில் அலுமினியமும் உண்டு, 2.7 ஆ 6.6 ஆ என்று தராசே சொல்லும். 400 டிகிரிக்குள் உருகிவிடும், வார்க்க அருமையாக ஓடும், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆசை காட்டும். இரண்டு சிக்கல். சூடு ஏறிப்போனால் 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்தே விடும், வெள்ளைப் பஞ்சு மாதிரிப் புகை பறக்கும். இரண்டாவது, இந்தக் கலவையில் லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு உண்டு. நீங்கள் ஒயிட் மெட்டல் ஒட்டிய துண்டையோ ஈயப்பற்று வைத்ததையோ கூடவே போட்டு உருக்கினால், வார்த்த அன்றைக்கு அழகாக இருக்கும், ஈரக் காற்றில் சில வருடம் போனால் உள்ளுக்குள்ளேயே அரித்து வெடித்து உதிரும். ஈரக் காற்றுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்.

புகை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். மார்கழி மாதம், குன்னூரில் பனி கொட்டுகிற ராத்திரி. சொந்த வேலையாகக் கொஞ்சம் குழாய்ப் பித்தளையை உருக்கினேன். குளிருக்காக ஷெட் கதவைச் சாத்திக்கொண்டேன். பித்தளையை ஊற்ற ஆயிரம் டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதற்குள் இருக்கிற துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும். நாக்கில் ஒரு தித்திப்பு, காசை வாயில் வைத்த மாதிரி. பொருட்படுத்தவில்லை. நடுராத்திரியில் பல் கிட்டிப்போகிற குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. என் மனைவி மலேரியா என்று பயந்து இரண்டு கம்பளி போர்த்தினாள். மறுநாள் மாலைக்குள் தானாகவே போய்விட்டது. உலோகப் புகைக் காய்ச்சல் என்பது அதுதான், புகை பிடித்துச் சில மணி நேரம் கழித்து வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். போய்விடும் என்பதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதேபோல் தொடங்கி, போகாமல் ஆளைக் கொல்வது காட்மியம் புகை. பழைய போல்ட்டுகளில் தங்க மினுக்கோடு இருக்கிற பூச்சு துத்தநாகமாகவும் இருக்கலாம், காட்மியமாகவும் இருக்கலாம். கண்ணால் பிரிக்க முடியாது. பூச்சுப் போட்ட எந்தச் சாமானையும் மூசைக்குள் (உலோகத்தை உருக்குகிற பாத்திரம்) விடாதீர்கள், அவ்வளவுதான் வழி. பித்தளையைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, உடைந்த பாட்டில் கண்ணாடியை மேலே தூவி மூடியபடி உருக்குங்கள், புகை பாதியாகக் குறையும்.

அலுமினியம்தான் உங்கள் சாக்கில் உருப்படியான சரக்கு. அங்கேயும் இரண்டு வகை இருக்கிறது. வார்த்துச் செய்தவை, இழுத்துச் செய்தவை. பிஸ்டன், எஞ்சின் மூடி, அலாய் வீல் முதல் வகை. பிஸ்டனில் ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கான், அலாய் வீலில் 7 சதவீதம் போல. அந்தச் சிலிக்கான்தான் உருகிய அலுமினியத்தைத் தண்ணீராக ஓடவைத்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்புகிறது. ஜன்னல் சட்டத்தில் சிலிக்கான் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அதை மட்டும் ஊற்றினால் கூழ் மாதிரி நகரும், ஆறும்போது மூலையில் விரிசல் விடும். ஜன்னலும் பிஸ்டனும் பாதிக்குப் பாதி போட்டால் நடுவில் ஆறு சதவீதம் போல வந்துவிடும், கைப்பிடிக்குப் பேஷாகப் போதும். பிஸ்டனிலிருந்து பின்னையும் ரிங்கையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். கூல்டிரிங்க் டின்னை உருக்குகிறேன் என்று பலர் கிளம்புவார்கள். போட்டதில் பெரும்பகுதி கசடாகத்தான் கிடைக்கும்.

இவற்றைப் பிரிக்க எனக்குப் பிடித்த சோதனை உடைத்துப் பார்ப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மூசையில் போடாமல், வகைவகையாக உருக்கிச் சின்னச் சின்னக் கட்டிகளாக ஊற்றிக்கொள்ளுங்கள். இரும்புப் பணியாரக்கல்லை மிஞ்சிய அச்சு இதற்குக் கிடையாது. அடுப்பு விளிம்பில் வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகு ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் பணியாரம் சுடக்கூடாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லவில்லை. கட்டி ஆறியதும் ஆக்ஸா பிளேடால் கால்வாசி அறுத்து, வைஸில் கடித்து, சுத்தியலால் தட்டுங்கள். சிலிக்கான் அதிகமுள்ளது இரண்டு தட்டில் பட்டென்று முறியும், முறிவு சாம்பல் நிறத்தில் பொடி மணலாகத் தெரியும். ஜன்னல் ரகம் வளைந்துகொண்டே போகும், முறியாமல் அழும். முறிவில் குண்டூசி முனை மாதிரிப் புள்ளிப் பொந்துகள் தெரிந்தால் உலோகத்தின் குற்றம் இல்லை, ஈரத்தின் குற்றம். கட்டியின் தலையில் பஞ்ச் வைத்து அடையாளக் குத்து ஒன்றும் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்துக் குழம்ப மாட்டீர்கள்.

அந்த ஈரம்தான் சமவெளிக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் இருக்காது. ஈரப் புகையும் ஈரக் கரியும் அலுமினியத்துக்குள் ஹைட்ரஜனை ஏற்றிவிடும், ஆறும்போது அது புள்ளியாக வெளியே வரும். கிராஃபைட் மூசை மழைக்காலத்தில் சும்மா அலமாரியில் இருந்தாலே ஈரம் குடிக்கும். முதலில் மெதுவாக 200 டிகிரி வரை காயவிட்டு அப்புறம்தான் தீயை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். பழைய வால்வின் பொந்துக்குள் மூன்று வருடத்து மழைநீர் இருக்கும். உருகிய உலோகத்துக்குள் அதைப் போட்டால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி மூசையில் இருப்பதை உங்கள் முகத்தில் அடிக்கும். ஆகவே மூடிய உருண்டை, மூடிய குழாய் எதுவானாலும் அறுத்துத் திறந்து, அடுப்பு விளிம்பில் வைத்து வறுத்த பிறகே உள்ளே. பைக் ஷாக் அப்சார்பரைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், காற்றின் கனம் கடற்கரையைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவு. கீழே கோவையில் வேலை செய்த அதே ப்ளோயர் இங்கே மந்தமாகத் தெரிந்தால் கரியைத் திட்டாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள்.

இனி மணி. செம்புக் குடும்பத்தில் கண்ணுக்கு முதல் சாட்சி நிறம். களிம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, அரம் போட்ட புது முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள் என்றால் பித்தளை, செம்மை ஏறிய மஞ்சள் என்றால் கன்மெட்டலாகவோ துத்தநாகம் குறைந்த பித்தளையாகவோ இருக்கலாம். இந்தக் கடைசி "அல்லது" தான் தொல்லை. அதைத் தீர்க்க நகை செய்கிற பத்தரிடம் போங்கள். அரப்பொடி ஒரு சிட்டிகை கொடுத்து நைட்ரிக் அமிலத்தில் போடச் சொல்லுங்கள். பித்தளை முழுவதும் கரைந்து நீலப் பச்சைத் தண்ணீராக நிற்கும். வெள்ளீயம் இருந்தால் அது கரையாமல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அடியில் தங்கும். வெள்ளீயம் உண்டா இல்லையா என்று இது உறுதியாகச் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பழுப்புப் புகை வரும், அது நுரையீரலைத் தின்கிற புகை, வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

எவ்வளவு என்று தெரியாவிட்டால் மணி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். நன்றாக நாதம் வருகிற மணிக்கு நூற்றுக்கு இருபது பங்குபோல வெள்ளீயம் வேண்டும். உங்கள் புஷ் நல்ல கன்மெட்டல், அதில் 10 சதவீதம் வெள்ளீயம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவில் 200 கிராம் இருக்கிறது. 250 கிராம் சுத்த வெள்ளீயம் வாங்கிச் சேர்த்தால் 2.25 கிலோவில் 450 கிராம், சரியாக 20 சதவீதம். ஆனால் புஷ்ஷும் வால்வும் செய்கிற இன்னொரு கன்மெட்டல் உண்டு. அதில் 85 பங்கு செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலைக்கு ஐந்து. நிறத்திலும் பத்தர் சோதனையிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே 250 கிராமை இதில் சேர்த்தால் வெள்ளீயம் பதினைந்தரைச் சதவீதம்தான் வரும், கூடவே நாலரைச் சதவீதம் காரீயம். காரீயம் நாதத்தைக் கொன்றுவிடும். மணி "டங்" என்பதற்குப் பதில் "டொக்" என்று சொல்லும். அதோடு அலுமினியம் உருக்கிய மூசையிலேயே இதை உருக்கினால், தப்பிப்போய்க் கலந்த துளி அலுமினியம்கூட ஆக்சைடு தோலாக மடிந்து உள்ளே ஓட்டை விடும். அலுமினியத்துக்கு ஒரு மூசை, செம்புக் குடும்பத்துக்கு ஒரு மூசை, இதில் சிக்கனம் வேண்டாம்.

ஆகவே மணிக்கு மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். புஷ்களை எல்லாம் ஒன்றாக உருக்கிக் கட்டியாக்கி, அதே உருக்கிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கனமாக ஒரு பொத்தான் வார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்காகவே இயங்குகிற சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஸ்பெக்ட்ரோ எடுத்து, எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று தாளில் தருவார்கள். முகம் தட்டையாகச் சாணை பிடித்திருக்க வேண்டும். தனித்தனிப் புஷ்ஷைக் கொண்டுபோனால் அந்தப் புஷ்ஷின் கணக்குத்தான் வரும், குவியலின் கணக்கு வராது. அதனால்தான் முதலில் உருக்கச் சொல்கிறேன். பெரிய காயலான் வியாபாரிகள் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள், காட்டினால் சில நொடியில் பட்டியல் வரும். செம்பு, வெள்ளீயம், காரீயத்துக்கு அதுவும் போதும்.

ஆனால் அந்தக் கருவியால் பிடிக்க முடியாத ஒன்று பெரிலியம். இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தங்க நிற ஸ்பேனர். வெடிமருந்து, எரிவாயு, பெட்ரோல் இருக்கும் இடங்களில் தீப்பொறி பறக்காத கருவிகள் வேண்டும் என்பதற்காக அவற்றைச் செம்புக் கலவையில் செய்வார்கள். ஒன்று அலுமினியம் பிரான்ஸ், இன்னொன்று பெரிலியம் செம்பு. முதலாவது சாது. இரண்டாவது கையில் பிடித்து வேலை செய்கிறவரை சாது, அரம் போட்டாலோ சாணை பிடித்தாலோ உருக்கினாலோ அதன் தூசியும் புகையும் ஆறாத நுரையீரல் நோயைக் கொடுக்கும். எக்ஸ்ரே துப்பாக்கி அதைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட சுத்தச் செம்பு என்று சொல்லிவிடும். தண்ணீர்த் தராசில் 7.6 பக்கம் வந்தால் அலுமினியம் பிரான்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம், 8.2 அல்லது 8.3 வந்தால் பெரிலியமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதே எனக்குப் போதும். எடை போட்டுப் பாருங்கள், அரத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எது வந்தாலும் அதை ஸ்பேனராகவே வைத்துக்கொள்வது உத்தமம், நல்ல ஸ்பேனர் என்ன விலை விற்கிறது!

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், கோத்தகிரி என்பதால். ஊர்ப் பெயரிலேயே இருக்கிற கோத்தர்கள் இந்த மலையின் பழைய கொல்லர்கள், படகர், தோடர் வீடுகளுக்கெல்லாம் கத்தியும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர்கள். அவர்களுக்கும் முந்தின காலம் என்று சொல்லத்தக்க கல்வட்டங்கள் மேட்டுக்கு மேடு இருக்கின்றன. 1870களின் தொடக்கத்தில் நீலகிரியின் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றைத் தோண்டியபோது மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நீலகிரிக் கல்வட்டப் பொருட்கள் உள்ளன. அந்தக் கிண்ணங்களில் சிலவற்றைச் சோதித்தபோது இருபது சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் இருந்தது. அதாவது மணிக்குரிய கலவை. அதைச் சிவக்கக் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் முக்கிக் குளிர்வித்தால்தான் அந்த மெல்லிசு வரும், தானாக ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். தோட்டம் கொத்தும்போது பச்சைக் களிம்பேறிய ஒரு கிண்ணமோ தட்டோ கிடைத்து, யாராவது அதை உங்கள் சாக்கில் போட்டுக் கொடுத்தால் உருக்கிவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது.

வாகன பிரேக் லீவர், கயிறு மாட்டுகிற கொக்கி, உயரத்தில் ஆள் பிடித்து நிற்கிற எதையும் பழைய சரக்கில் வார்க்காதீர்கள். இது சோதனை செய்த சரக்குக்கும் பொருந்தும், உள்ளே இருக்கிற பொந்து வெளியே தெரியாது. மற்றபடி கைப்பிடியில் தொடங்குங்கள். பிஸ்டனும் ஜன்னலும் கலந்து இரண்டு மூன்று ஊற்று ஊற்றிக் கை பழகட்டும், விளக்கு அடுத்தது, மணி கடைசி. புஷ்களில் பெரியதாக ஒன்றை எடுத்து, உலர்ந்த எடையும் தண்ணீரில் காட்டிய எடையும் இங்கேயே எழுதுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கிற துண்டானால் தராசின் தடுமாற்றம் குறையும், பித்தளைப் பக்கமா கன்மெட்டல் பக்கமா என்று சேர்ந்து பார்க்கலாம். செயின் சா உடம்பை இன்றைக்கே சாக்கிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.